எரிந்த ஏடுகளும் பேசிய கற்களும்



மெக்சிகோ நாட்டின் தெற்கே சியாபாஸ் என்னும் மாநிலம் உண்டு. அங்கே மலைகள் இறங்கிச் சமவெளியைத் தொடும் இடத்தில், மழைக்காட்டினால் சூழப்பட்டு, பாலென்கே என்னும் பழைய மாயா நகரம் இருக்கிறது. உங்களில் சிலருக்கு அவ்விடத்தை நேரில் காணும் வாய்ப்பு என்றேனும் கிடைக்கலாம். கிடைக்காதவர்களும் இந்த வாரம் என்னோடு சற்று நடந்து வாருங்கள். அந்நகரத்தின் கதை திருச்சபையின் கதையோடு ஓரிடத்தில் பின்னிக் கிடக்கிறது. அந்த இடத்தைப் பார்ப்பது நமக்கு எளிதாயிராது, ஆயினும் பார்க்கவேண்டும்.

வெட்டவெளிக்கு வந்தவுடன் முதலில் நம் கண்ணை நிறைப்பது, எட்டுப் படிநிலைகளாக உயர்ந்து நிற்கும் ஒரு பிரமிடு. அதன் உச்சியில் ஐந்து வாசல்களையுடைய கோயில் ஒன்று உண்டு. எதிரே அரண்மனை; அதன் நடுவில் நான்கு நிலை மாடங்கொண்ட ஒரு கோபுரம். ஓதோலும் என்னும் ஓடை நகரத்தின் ஊடே பாய்கிறது. அதன் ஒரு பகுதியை அக்காலத்துக் கொத்தர்கள் கல்வளைவு கட்டி நிலத்தின்கீழ் ஓடச்செய்தார்கள். இந்நகரத்தின் பழைய பெயர் லகம்ஹா. பெருநீர் என்பது அதன் பொருள். கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் இது செழித்திருந்தது. இங்கே கிடைத்தவற்றுள் காலம் குறித்த கடைசி எழுத்து கி.பி. 799-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்பின் மக்கள் விலகிப் போனார்கள். காடு வந்து மூடிக்கொண்டது.

அந்தப் பிரமிடின் உச்சியிலுள்ள கோயிலைக் 'கல்வெட்டுகளின் கோயில்' என்று அழைக்கிறார்கள். அதன் சுவர்களில் பதிக்கப்பட்ட மூன்று கற்பலகைகளில் 600-க்கும் மேற்பட்ட எழுத்துக்குறிகள் செதுக்கப்பட்டுள்ளன. 1949-ஆம் ஆண்டில் அல்பெர்த்தோ ரூஸ் என்னும் மெக்சிகோ தொல்லியலாளர் அங்கே ஒன்றைக் கவனித்தார். கோயிலின் சுவர்கள் தரையோடு முடியாமல், தரைக்குக் கீழும் தொடர்ந்து சென்றன. தரையில் பதித்திருந்த ஒரு பெருங்கல்லில் துளைகளும், அத்துளைகளை அடைக்கும் கல் அடைப்பான்களும் இருந்தன. கல்லைத் தூக்கியபோது, இடிபாடுகளால் நிரப்பப்பட்ட ஒரு படிக்கட்டு கீழ்நோக்கிச் செல்வது தெரிந்தது. அதைச் சுத்தம் செய்ய நான்கு அகழாய்வுப் பருவங்கள் ஆயின. 1952 ஜூன் மாதத்தில் அவர் அடியிலுள்ள கல்லறையை அடைந்தார். பல டன் எடையுள்ள, சித்திரம் செதுக்கிய மூடிக்கல்லின்கீழ், பச்சை மணிக்கல்லால் இழைத்த முகமூடி அணிந்து ஓர் அரசன் கிடந்தான். கல்லறையின் வாசலுக்கு வெளியே, அவனோடு போகும்படி கொல்லப்பட்ட சிலருடைய எலும்புகளும் கிடந்தன.

அவன் யார்? எப்பொழுது ஆண்டான்? யாரை நேசித்தான், எதற்கு அஞ்சினான்? மேலே 600 குறிகளுக்கு மேல் எழுதப்பட்டிருந்தும், ரூஸ் அந்தக் கல்லறையில் நின்ற நாளில் அவ்வரசனுடைய பெயரை வாசிக்கக்கூடிய மனிதன் பூமியின்மேல் ஒருவனும் இல்லை. ஆண்டு மாதங்களின் கணக்கை மட்டும் அறிஞர் புரிந்துகொண்டிருந்தார்கள், மற்றவை மௌனமாயிருந்தன.

வாசிக்கத் தெரியாதவர்கள் ஒரு கல்லின் முன் நிற்கும்போது என்ன செய்வார்கள்? தங்கள் மனதிலிருப்பதை அதில் காண்பார்கள். பாலென்கேயில் இது மூன்று விதமாய் நடந்தது.

முதலாவது, நம்முடையவர்களே செய்தது. அரண்மனைக்கு அப்பால் ஒரு மேட்டின்மேல் நிற்கும் கோயிலொன்றில், சிலுவையைப் போன்ற உருவம் செதுக்கிய ஒரு கற்பலகை இருந்தது. அதனால் அக்கட்டடத்திற்கு இன்றுவரையிலும் 'சிலுவைக் கோயில்' என்றே பெயர். அந்நிலங்களில் ஆங்காங்கே காணப்பட்ட சிலுவை வடிவங்களைக் கண்டு, பூர்வகாலத்தில் அப்போஸ்தலன் ஒருவர் அங்கே வந்திருக்கவேண்டும் என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். மயிலாப்பூரோடு நாம் சேர்த்து நினைக்கும் தோமாவே மெக்சிகோவிலும் சுவிசேஷம் அறிவித்தார் என்று, 1794 டிசம்பர் 12 அன்று செர்வாந்தோ தெரேசா தெ மியேர் என்னும் தொமினிக்கன் துறவி பிரசங்கம் செய்தார். அதற்காக அவர் நாடுகடத்தப்பட்டார். பாலென்கேயின் அந்த உருவமோ, மாயா மக்களின் எண்ணத்தில் உலகத்தின் நடுவே நின்று விண்ணையும் மண்ணையும் பாதாளத்தையும் இணைக்கும் மரம்.

இரண்டாவது, அவிசுவாசிகளின் கற்பனை. 1968-இல் வெளிவந்த தன் நூலில் எரிக் ஃபான் டானிகென், கல்லறையின் மூடியில் செதுக்கப்பட்டிருப்பவன் விண்கலத்தில் அமர்ந்து அதைச் செலுத்துகிறான் என்று எழுதினார். இலட்சக்கணக்கானோர் அதை நம்பினார்கள்.

மூன்றாவது, நம் நினைவிலேயே நடந்தது. 2012 டிசம்பர் 21 அன்று மாயா நாட்காட்டியின்படி உலகம் முடியும் என்ற பேச்சு எங்கும் பரவியது. அதே கல்வெட்டுகளின் கோயிலிலுள்ள எழுத்து, அங்கே புதைக்கப்பட்ட அரசன் முடிசூடிய நாளின் நினைவு கி.பி. 4772-ஆம் ஆண்டில் மீண்டும் வருவதைக் கணக்கிட்டுச் சொல்லுகிறது. உலகம் 2012-இல் முடியும் என்று எண்ணியவர்கள் அப்படி எழுதியிருக்கமாட்டார்கள். கல்வெட்டு சொன்னது ஒன்று. அதைக் கேளாதவர்கள் அதன் பெயரால் பரப்பியது வேறொன்று.

இப்பொழுது கடினமான கேள்விக்கு வருவோம். அந்த எழுத்தை வாசிக்கும் அறிவு எப்படி அழிந்தது?

பாலென்கே கைவிடப்பட்டதனால் அது அழிந்துவிடவில்லை. வடக்கே யுகத்தான் தீபகற்பத்தில், ஸ்பானியர் வந்த 16-ஆம் நூற்றாண்டிலும் மாயா எழுத்தாளர்கள் இருந்தார்கள். மரப்பட்டையை அடித்துத் தாளாக்கி, அதன்மேல் வெண்சுண்ணம் பூசி, விசிறிபோல் மடித்து நூல்கள் செய்தார்கள். அவற்றில் நாட்கணக்கு, சடங்குகள், வெள்ளிக் கோளின் போக்கு, கிரகணக் காலங்கள் ஆகியவை எழுதப்பட்டன.

அங்கே ஊழியம் செய்யச் சென்ற பிரான்சிஸ்கன் துறவிகளுள் தியேகோ தெ லாண்டா என்பவர் ஒருவர். அவரைச் சோம்பேறி என்றோ கோழை என்றோ ஒருவரும் சொல்லமுடியாது. 1549-இல் வந்திறங்கி, மக்களின் மொழியைக் கற்று, அம்மொழியிலேயே போதித்தார். 1562-ஆம் ஆண்டில் மானி என்னும் ஊருக்கு அருகே ஒரு குகையில் விக்கிரகங்கள் கண்டெடுக்கப்பட்டன. ஞானஸ்நானம் பெற்றவர்களே மறைவில் அவற்றை வணங்குகிறார்கள் என்று அறிந்தபோது அவர் உள்ளம் கொதித்தது. தொடர்ந்த விசாரணையில் துறவிகள் மக்களைக் கைகளில் கயிறு கட்டித் தொங்கவிட்டு வாக்குமூலம் வாங்கினார்கள். 4,500-க்கும் மேற்பட்டோர் வதைக்கப்பட்டதாகவும், அவர்களில் 158 பேர் இறந்ததாகவும் பின்னர் நடந்த விசாரணை பதிவு செய்தது. 1562 ஜூலை 12 அன்று மானியில் விக்கிரகங்களோடு மாயா நூல்களும் நெருப்பிலே போடப்பட்டன. அந்நாளில் எரிந்த நூல்கள் 27 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கையில் அகப்பட்ட நூல்களையெல்லாம் எரித்ததையும், அதைக் கண்ட மக்கள் மிகவும் துயருற்றதையும் லாண்டாவே பிற்பாடு எழுதிவைத்தார்.

மாயா நூல்களில் இன்று உலகத்தில் எஞ்சியிருப்பவை நான்கு மட்டுமே.

பிரியமானவர்களே, இதை வாசிக்கையில் உங்களில் சிலருக்கு எபேசு பட்டணம் நினைவுக்கு வரலாம். அங்கேயும் மாயவித்தைப் புத்தகங்கள் எரிக்கப்பட்டன. ஆனால் எபேசுவில் அவற்றை எரித்தவர்கள் யார் என்று கவனியுங்கள். தங்கள் சொந்தப் புத்தகங்களை, அவற்றில் இருப்பது இன்னதென்று அறிந்தவர்கள், தாங்களாகவே கொண்டுவந்து எரித்தார்கள். அது மனந்திரும்புதலின் கனி. மானியில் எரிந்ததோ பிறருடைய நூல்கள். எரித்தவருக்கு அவற்றை வாசிக்கத் தெரியாது. உடையவர்களோ அழுதுகொண்டு நின்றார்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் நெருப்புத்தான். ஆயினும் இரண்டையும் ஒன்றென்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

திருச்சபையின் உள்ளேயே அன்று இதை எதிர்த்தவர் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சிஸ்கோ தெ தோரால் யுகத்தானின் பேராயராக வந்து சேர்ந்தார். அவரும் பிரான்சிஸ்கன் துறவியே. அவர் விசாரணையை நிறுத்தினார், சிறைப்பட்டவர்களை விடுவித்தார். லாண்டா தம் செயலுக்குக் கணக்குக் கொடுக்க ஸ்பெயினுக்குத் திரும்பவேண்டியதாயிற்று. முடிவில் அவர் குற்றமற்றவர் என்று தீர்க்கப்பட்டு, தோராலின் மரணத்திற்குப்பின் 1573-இல் பேராயராகவே திரும்பினார்.

ஸ்பெயினில் இருந்த நாட்களில், 1566-ஆம் ஆண்டளவில், லாண்டா யுகத்தானைக் குறித்து ஒரு நூல் எழுதினார். மக்களின் வழக்கங்கள், நாட்காட்டி, உணவு, வீடுகள் எல்லாவற்றையும் அதில் விவரித்தார். அதோடு, மாயா எழுத்துக்களை ஸ்பானிய அகரவரிசைக்கு நேராக வைத்து ஓர் அட்டவணையும் தந்தார். அவர் யாரிடம் இதைக் கேட்டாரோ அந்த மாயா எழுத்தாளர், ஸ்பானிய எழுத்தின் பெயரை அவர் உச்சரித்தபடியே, அந்த ஒலிக்குரிய குறியை எழுதிக் கொடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. கடைசியாக, முழு வாக்கியம் ஒன்றுக்கு உதாரணமாக அந்த நூலில் இடம்பெற்றிருப்பது 'மா இன் காதி' என்பது. அதன் பொருளையும் லாண்டாவே குறித்திருக்கிறார்: எனக்கு விருப்பமில்லை. கேள்வி கேட்கப்பட்ட ஒரு மனிதன் விட்டுச்சென்ற வாக்கியம் அது.

லாண்டாவின் மூலப்பிரதி தொலைந்துபோயிற்று. அதன் சுருக்கப் படி ஒன்றை 1862-ஆம் ஆண்டில், நெருப்பு எரிந்து சரியாக 300 ஆண்டுகளுக்குப்பின், மத்ரித் நகரத்து நூலகமொன்றில் பிராசர் தெ பூர்பூர் என்னும் பிரெஞ்சுக் குருவானவர் கண்டெடுத்தார். ஆயினும் அந்த அட்டவணையைக்கொண்டு வாசிக்க முயன்றவர்கள் தோற்றார்கள். பலர் அதைப் பயனற்றதென்று ஒதுக்கினார்கள்.

1952-இல், ரூஸ் கல்லறையைத் திறந்த அதே ஆண்டில், லெனின்கிராடில் யூரி க்னோரசோவ் என்னும் இளம் ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மாயா நாட்டை அவர் அதுவரை கண்டதே இல்லை. லாண்டாவின் அட்டவணையிலுள்ளவை தனியெழுத்துக்கள் அல்ல, நம் உயிர்மெய் எழுத்தைப்போல ஒவ்வொன்றும் ஓர் அசையைக் குறிப்பவை என்று அவர் கண்டார். எஞ்சிய நூல்களில் வான்கோழியின் படத்திற்கு மேல் இரண்டு குறிகள் இருந்தன. முதற்குறி லாண்டாவின்படி 'கு'. மாயா மொழியில் வான்கோழிக்குக் 'குட்ஸ்' என்று பெயர். எனவே இரண்டாவது குறி 'ட்ஸு' ஆகவேண்டும். நாயின் படத்திற்கு மேல் அதே 'ட்ஸு' குறியும், லாண்டாவின் 'லு' குறியும் இருந்தன. நாய்க்கு அம்மொழியில் 'ட்ஸுல்'. இப்படிப் பூட்டு திறந்தது. எரித்தவருடைய கையெழுத்தே திறவுகோலாயிற்று. இதனால் எரித்தது நன்றாயிற்று என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். லாண்டா அந்த எழுத்தாளர்களின் அருகே அமர்ந்து கேட்டு எழுதிய சில பக்கங்களே இவ்வளவு தந்தனவென்றால், எரியாமலிருந்த நூல்கள் எவ்வளவு தந்திருக்கும்!

1973 டிசம்பரில் பாலென்கே ஊரிலேயே ஆய்வாளர்கள் சிலர் கூடினார்கள். ஓவிய ஆசிரியையான லிண்டா ஷீல், மாணவரான பீட்டர் மாத்யூஸ், மொழியியலாளர் ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி ஆகியோர் ஒரே பிற்பகலில் அந்நகரத்து அரசர்களின் வரிசையை ஒழுங்குபடுத்தினார்கள். பிற்பாடு வந்தவர்கள் மேலும் திருத்தி வாசித்தார்கள். கற்கள் பேசத் தொடங்கின.

அவை சொன்னது என்ன? கல்லறையிலிருந்தவன் பெயர் பகால். அவன் 603-இல் பிறந்தான். அவன் சிறுபிள்ளையாயிருக்கையில், 611-இல், கலக்முல் என்னும் பகைநகரம் பாலென்கேயைத் தாக்கியது. 599-இலும் அது தாக்கியிருந்தது. 615-இல், 12 வயதில் பகால் அரசனானான். அரண்மனையிலுள்ள ஒரு நீள்வட்டக் கல்லில், அவனுடைய தாய் சக் குக் அவனுக்கு முடியை நீட்டுகிறாள். 683-இல் மரிக்கும்வரை, 68 ஆண்டுகள் அவன் ஆண்டான். மூடிக்கல்லில் விண்கலம் இல்லை; உலகமரத்தின் அடியில் மரணத்திற்கும் மறுபிறப்புக்கும் நடுவே இருக்கும் ஒரு மனிதன் இருக்கிறான். கல்லறைப் பெட்டியின் பக்கங்களில் அவனுடைய முன்னோர், கனிமரங்களோடு மண்ணைப் பிளந்து எழும்புகிறார்கள்.

இவற்றுள் என் மனதை மிகவும் தொட்டது ஒன்றுண்டு. கோயிலின் கீழ்த்திசைப் பலகை, தோல்விக்குப் பிந்திய நாட்களைக் கூறுமிடத்தில், அரசியும் இல்லை, அரசனும் இல்லை, தெய்வங்களுக்குரிய காணிக்கைகளும் செலுத்தப்படவில்லை என்று துக்கத்தோடு சொல்லுகிறது. புலம்பல் புத்தகத்தை வாசித்திருக்கும் நாம் இந்தக் குரலை அறியாதவர்களா? அவர்களுடைய தெய்வங்களை நாம் ஆராதிப்பதில்லை. அரசனுக்குத் துணையாகச் சிலரைக் கொன்றதை நாம் நியாயப்படுத்தவும் மாட்டோம். ஆயினும் நகரம் வீழ்ந்தபோது அழுதவர்கள் மனிதர்கள் என்பதை அந்தக் கல் சாட்சியாகச் சொல்லுகிறது. அந்தச் சாட்சியைக் கேளாமல் அவர்களைக் குறித்து நாம் தீர்ப்புச் சொல்லுவோமானால், அது பொய்ச்சாட்சியைத் தடுக்கிற கற்பனையின்கீழ் வரும் என்றே நான் எண்ணுகிறேன்.

அப்போஸ்தலனாகிய பவுல் அத்தேனே பட்டணத்திற்கு வந்தபோது, அங்கே நிறைந்திருந்த விக்கிரகங்களைக் கண்டு அவருடைய ஆவியும் வைராக்கியமடைந்தது. லாண்டாவின் கொதிப்பும் பவுலின் கொதிப்பும் தொடக்கத்தில் வெவ்வேறல்ல. ஆனால் பவுல் அந்தப் பட்டணத்தைச் சுற்றி நடந்தார். அவர்கள் வணங்கியவற்றைக் கவனித்துப் பார்த்தார். ஒரு பலிபீடத்தின்மேல் எழுதியிருந்ததை வாசித்தார். அதன்பின்பே வாயைத் திறந்தார். தாம் வாசித்த அந்த எழுத்திலிருந்தே தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். தாம் நம்பியதில் ஓர் அணுவையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டவர்களோ, தங்கள் பட்டணத்தை நடந்து பார்த்த ஒருவர் தங்களோடு பேசுகிறார் என்பதை அறிந்தார்கள்.

சியாபாஸ் மண்ணிலும் இதற்குச் சாட்சிகள் உண்டு. 1545-இல் அந்நாட்டிற்குப் பேராயராக வந்த பர்த்தொலொமே தெ லாஸ் காஸாஸ், பூர்வகுடி மக்களை அடிமைகளாக்கியவர்களோடு போராடினார். 1567-ஆம் ஆண்டளவில் பெத்ரோ லொரென்சோ தெ லா நாதா என்னும் துறவி, சோல் மக்களின் மொழியைக் கற்று, அவர்களைக் கூட்டி, இடிபாடுகளுக்கு அருகே பாலென்கே என்னும் ஊரை நிறுவினார். இவர்களுடைய பணியும் குறையற்றதென்று சொல்லமாட்டேன்; அவர்களும் ஓர் ஆதிக்க அரசின் நிழலிலே நின்றவர்கள். இருந்தும் கேட்கும் செவி அவர்களுக்கு இருந்தது.

நீங்கள் அங்கே செல்ல நேர்ந்தால், இடிபாடுகளை மட்டும் பார்த்துத் திரும்பாதிருங்கள். மாயா மக்கள் மறைந்துபோன இனம் என்று சொல்லுவது தவறு. பாலென்கேயைச் சுற்றியுள்ள ஊர்களில் சோல் மொழி பேசுவோர் இன்றும் சோளம் விதைத்து வாழ்கிறார்கள். கல்வெட்டுகளின் மொழிக்கு நெருங்கிய உறவுடையது அவர்களுடைய மொழி. பழைய எழுத்தை வாசிக்க இம்மொழிகளே அறிஞருக்கு உதவின. அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். தங்கள் தாய்மொழியில் ஜெபிக்கிறவர்கள்.

ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் நமக்கு முன்பாகவும் வாசிக்கப்படாத ஒருவர் நிற்கிறார். வேறு மதத்தைச் சேர்ந்த அண்டைவீட்டார், நம் சபைக்குப் புதிதாய் வந்த வேற்றூர்க் குடும்பம், நம்மோடு பேச்சை நிறுத்திக்கொண்ட சொந்தப் பிள்ளை. அவர்களைக் குறித்து நம்மிடம் ஒரு முடிவு ஏற்கெனவே இருக்கிறது. அந்த முடிவுக்கு வருமுன் அவர்கள் சொல்லுவதை எவ்வளவு நேரம் கேட்டோம் என்று, இந்த வாரம் தேவசமுகத்தில் நம்மை நாமே ஆராய்ந்து பார்ப்போம். கேட்டபின் மறுக்கவேண்டியதை மறுக்கலாம், கண்டிக்கவேண்டியதைக் கண்டிக்கலாம். அதற்குமுன், ஒருவரையாவது பெயர் சொல்லி நினைத்து, அவரிடம் சென்று அமர்ந்து, அவர் பேசி முடிக்குமட்டும் பொறுத்திருங்கள்.

கேட்கும் செவியை உண்டாக்கினவர் அதை நமக்குத் திறந்தருள்வாராக. ஆமென்.